ஈர்வாளின் இரு பிடிகள்



சரித்திரப் புத்தகங்களில் அரசர்களின் பெயர்களைக் காண்கிறோம். படைத்தலைவர்கள், கலெக்டர்கள், எஞ்சினீயர்கள் ஆகியோரின் பெயர்களையும் காண்கிறோம். ஆனால் அவர்கள் கட்டிய பாலத்துக்கு மரம் அறுத்தவன் யார், அவர்கள் இட்ட இருப்புப் பாதைக்குக் கட்டை செதுக்கியவன் யார் என்று கேட்டால் புத்தகம் வாய் மூடிக்கொள்கிறது. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது: மரம் அறுக்கும் தொழிலும், அதில் உடன் நின்று உழைக்கும் உதவியாளனும். நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் வரலாற்றோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், சிறு பொருளுக்குள்ளும் பெரிய பாடம் ஒன்று இருப்பது விளங்கும்.

மரம் அறுக்கும் வாளுக்குத் தமிழில் ஈர்வாள் என்று பழைய பெயர் ஒன்று உண்டு. ஈர்தல் என்றால் அறுத்தல். ஈர்த்தல் என்றால் இழுத்தல். பெரிய ஈர்வாளுக்கு இரண்டு முனைகளிலும் பிடி உண்டு. ஒருவர் ஒரு புறமும் மற்றவர் மறு புறமும் மாறி மாறி இழுத்தால்தான் அது அறுக்கும். ஒற்றை ஆள் அதைப் பிடித்தால் அது வளையுமே தவிர அறுக்காது.

ஆலைகள் வருவதற்கு முன் பலகை அறுத்த முறையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் உங்களில் பலர் அதைக் கண்டிருக்கமாட்டீர்கள். நான் சிறுவனாயிருந்த நாட்களில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அது வழக்கமான காட்சி. அடிமரத்தைப் பட்டை உரித்து, ஆழமான குழியின் மேல் குறுக்காகக் கிடத்துவார்கள். அல்லது உயரமான மரச்சட்டங்கள் நாட்டி அவற்றின் மேல் சாய்த்து நிறுத்துவார்கள். கரியோ செங்காவியோ தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் மரத்தின் மேல் நேர்கோடு விழும். ஒருவர் மரத்தின் மேல் ஏறி நிற்பார். மற்றவர் கீழே நிற்பார். மேலே நிற்பவர் வாளைக் கோட்டின் மேல் செலுத்தி, ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிக் கொடுப்பார். கீழே நிற்பவர் முழு பலத்தோடு கீழ்நோக்கி இழுப்பார். வாளின் பற்கள் கீழ்நோக்கி அமைந்திருப்பதால், மரம் அறுபடுவது அந்தக் கீழ் இழுப்பில்தான். மரத்தூள் கொட்டுவதும் கீழே நிற்பவரின் தலையிலும் கண்ணிலும்தான். அறுத்த வெட்டு நெருங்கி வாளைக் கவ்விக்கொள்ளாதபடி தக்க சமயத்தில் ஆப்பு இறக்குவதும், மாலையில் அரம் கொண்டு பற்களைக் கூராக்குவதும் இருவருக்கும் பொதுவான வேலை.

இந்த ஏற்பாட்டில் யார் பெரியவர், யார் சிறியவர்? கோட்டைக் காண்பவர் மேலே நிற்பவர். ஆகவே அவருக்கு மதிப்பு அதிகம். இங்கிலாந்திலும் இதே முறை இருந்தது. அங்கே மேலே நின்று அறுப்பவரைக் குறித்த சொல்லே நாளடைவில் மேலான நிலையில் உள்ளவரைக் குறிக்கும் பேச்சு வழக்காயிற்று. கீழே நின்றவரைக் குறித்த சொல்லுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. ஆனால் தேர்ந்த அறுப்பாளர்கள் இதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். கீழே நிற்பவர் சற்றே கை தளர்ந்தால் பலகையின் ஒரு முனை தடித்தும் மறு முனை மெலிந்தும் போகும். ஆகவே ஒருவரையொருவர் பழகிய இரட்டையர்கள் ஆண்டுக்கணக்கில் பிரியாமல் வேலை செய்தார்கள். நம் எல்லைப் பகுதியில் ஒருவர் தமிழராகவும் மற்றவர் தெலுங்கோ கன்னடமோ பேசுபவராகவும் இருப்பதும் உண்டு. வாள் போய்வரும் ஓசையே அவர்களுக்குப் பொது மொழி.

இனி நம் பகுதியின் வரலாற்றுக்கு வருவோம். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் நாடு திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. இன்றைய கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அந்த நாட்டின் பகுதிகள். அதன் நிர்வாகத்தை ஏற்றவர் காப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து உழவனிடம் நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை இங்கேதான் கருக்கொண்டது. உதவியாளராக வந்த மன்றோ பிற்காலத்தில் சென்னை கவர்னராகவே உயர்ந்தார். முன்னின்று வேலை கற்பித்த ரீடின் பெயரை இன்று அறிந்தவர் சிலரே. நல்ல தலைவனின் கீழ் நல்ல உதவியாளன் வளர்கிறான் என்பதற்கு நம் ஊர் மண்ணே சாட்சி. அந்த மன்றோவுக்கும் வயல்தோறும் அளவுகோல் பிடித்த கைகள் பல இருந்தன; அவற்றின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

காடுகளின் மேல் பெரும் பாரம் ஏறியது இருப்புப் பாதை வந்தபோது. 1856 ஜூலை 1ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் பாதை திறக்கப்பட்டது. 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப் பாதை சென்றது. அதன் நீளம் ஏறக்குறைய 85 மைல். கெஜத்துக்கு ஒரு குறுக்குக் கட்டை என்று வைத்தால் ஒரு மைலுக்கு 1,760 கட்டைகள். அந்த ஒரு கிளைப் பாதைக்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம். அக்காலத்தில் கட்டைகளில் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. சில இடங்களில் இரும்பும் பயன்பட்டது. மிச்சம் நம் காடுகளிலிருந்தே வந்தது. மரக்கட்டை சில ஆண்டுகளில் உளுத்துப் போவதால் மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டியும் இருந்தது. தொடக்க காலத்து எஞ்சின்கள் எரித்ததும் விறகுதான்.

பின்னர் நம் வட்டாரத்துக்கே சிறு ரயில்கள் வந்தன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும், தருமபுரியிலிருந்து ஓசூருக்கு 1913இலும் குறுகிய பாதைகள் திறக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், இவை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. இந்தப் பாதைகளைப் பற்றி எழுதுவோர் மைல் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் எழுதுகிறார்கள். கட்டைகளைக் குழியின் மேல் கிடத்தி அறுத்த இரட்டையர்களைப் பற்றி எழுதுவோர் இல்லை.

காடு இப்படிக் கரைவதைக் கண்டு கவலை கொண்டவர்களும் இருந்தனர். 1856இல் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் நியமிக்கப்பட்டார். அதற்கும் முன்பே மலபார் கலெக்டர் கனோலி, கப்பல் கட்டத் தேக்கு கிடைக்காமல் போகும் நாளை எண்ணி, நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முனைந்தார். தொடக்கத்தில் விதைகள் முளைக்கவில்லை. தேக்கு விதையின் ஓடு மிகக் கடினமானது. இயற்கையில் மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கினால்தான் அது நெகிழும். அந்த முட்டுக்கட்டையைத் தாண்டி நாற்று வளர்த்துக் காட்டியவர் கனோலியின் கீழ் பணிபுரிந்த சாத்து மேனோன். 1855இல் கனோலி கொலையுண்டார். சாத்து மேனோன் பணியை விடவில்லை. 1862 வரை லட்சக்கணக்கான கன்றுகளை நட்டார். 1846இல் நட்ட மரங்கள் உள்ள பகுதி இன்றும் நிற்கிறது. அதற்குக் கனோலி தோட்டம் என்று பெயர். எண்ணம் ஒருவருடையது, கை மற்றவருடையது. பெயர்ப்பலகையில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது.

ஆனைமலையில் மரம் இழுத்த யானைகளுக்கும் இதே நியதிதான். ஒவ்வொரு யானைக்கும் ஒரு பாகன். அவனுக்கு உதவியாக ஒருவன். அந்த உதவியாளனைக் ‘காவடி’ என்று நம் வனத்துறை முகாம்களில் அழைப்பார்கள். தீனி கொண்டுவருவதும், ஆற்றில் குளிப்பாட்டுவதும், இரவில் விட்ட யானையைக் காலையில் தேடி அழைத்துவருவதும் அவன் பொறுப்பு. காவடியாக இருந்து பழகியவனே நாளைய பாகன். நல்ல உதவியாளன் என்பவன் பாதி வழி வந்த நிபுணன் என்ற உண்மையை அந்த முகாம்கள் நன்கு அறிந்திருந்தன.

இயந்திரம் வந்ததும் உதவியாளன் வேண்டாதவனாகிவிட்டானா? உலக வரலாற்றை நோக்குவோம். 1590களில் ஹாலந்து தேசத்தில் கொர்னெலிஸ் கொர்னெலிஸ்ஸோன் என்பவர் காற்றாலையால் ஈர்வாளை இயக்கிக் காட்டினார். இங்கிலாந்தில் அத்தகைய ஆலை ஒன்று லைம்ஹவுஸ் என்னுமிடத்தில் எழுந்தபோது, கை வாளால் பிழைத்தவர்கள் 1768 மே மாதத்தில் திரண்டு வந்து அதைத் தகர்த்தார்கள். தங்கள் பிடியை இயந்திரம் பறித்துவிடும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. குழி அறுப்புத் தொழில் மெல்ல மெல்ல மறையத்தான் செய்தது. பிறகு வட்ட ரம்பம் வந்தது. 1808இல் வில்லியம் நியூபெரி என்பவர் இரு சக்கரங்களின் மேல் ஓடும் பட்டை ரம்பத்துக்கு உரிமை பெற்றார். பட்டையின் முனைகளை உறுதியாகப் பற்றவைக்கத் தெரியாததால் அது நெடுநாள் பயனின்றிக் கிடந்தது. 1846இல் பிரான்சு நாட்டுப் பெண்மணி ஆன் போலின் கிரெபின் அதற்கு வழி கண்டார்.

நம் நாட்டில் அந்தமான் தீவின் சாத்தம் மர ஆலை 1883இல் ஏற்பட்டது. ஆசியாவின் பழம்பெரும் ஆலைகளுள் ஒன்று அது. அதற்கு மரம் வந்தது எவரால்? சோட்டா நாகபுரியிலிருந்து வந்து அங்கே ‘ராஞ்சி’ மக்கள் என்று பெயர் பெற்ற தொழிலாளர்களாலும், 1925இல் பர்மாவிலிருந்து குடியேறிய கரேன் மக்களாலும்! ரம்பம் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு கைகள் அதற்கு வேண்டியிருந்தன.

இனி இன்றைய ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான பிறகு ஆலைகள் பெருகின. இயந்திர பாகங்களை அனுப்ப மரப்பெட்டிகளும் அடித்தளச் சட்டங்களும் தேவைப்பட்டன. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் தைல மரம் முதலியன வளர்கின்றன. கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்த கிழ மாமரங்களும் உண்டு. பெரிய மரத்தை ஆலைக்குக் கொண்டுபோவதைவிட ஆலையை மரத்தடிக்குக் கொண்டுவருவது எளிது என்பதே பெயர்த்துச் செல்லும் ரம்ப ஆலையின் தத்துவம். தண்டவாளம் போன்ற இரு நீண்ட சட்டங்கள். அவற்றின் மேல் எஞ்சினும் பட்டை ரம்பமும் ஓடும். அடிமரம் அசையாமல் கிடக்கும்.

இதை ஓட்டுபவர் ஒருவர்தான். ஆயினும் ஒருவரால் மட்டும் இது நடக்காது. மரத்தைக் கடப்பாறையால் நெம்பி ஏற்றவும், திருப்பி வைக்கவும், இறுகப் பிணைக்கவும், அறுபட்ட பலகையை உடனே அகற்றவும், இடையே குச்சி வைத்துக் காற்றுப் புகும்படி அடுக்கவும் ஆள் வேண்டும். பழைய மரத்துக்குள் புதைந்த ஆணியையோ கம்பியையோ கண்டு சொல்பவன் உதவியாளன்தான். அவன் கண் தவறினால் ரம்பத்தின் பற்கள் நொடியில் போகும். பட்டை அறுந்து தெறித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இத்தொழிலில் தேர்ந்தவர்கள் சில வழக்கங்களைக் கடைப்பிடிக்கிறார்கள். உதவியாளன் கை உயர்த்தி அடையாளம் காட்டாமல் எஞ்சினை ஓட்டுவதில்லை. ரம்பம் ஓடும் நேர்க்கோட்டில் எவரையும் நிற்கவிடுவதில்லை. களைத்தவனைக் கடைசி மரம் என்று சொல்லி வற்புறுத்துவதில்லை. ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரத்தைப் புதிதாக வந்தவனுக்கும் கொடுக்கிறார்கள். இன்று ஓசூரில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் ஏராளம். எஞ்சின் இரைச்சலில் எந்த மொழியும் கேட்காது. ஆகவே முதல் நாள் கற்பிக்க வேண்டியது கையடையாளம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அவன் பெயர்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி, காட்டுக்குள் மத்திய அரசின் ஒப்புதலின்றி நடக்கும் மர அறுவை ஆலை உள்ளிட்ட பணிகள் நிற்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அதுமுதல் ரம்ப ஆலைகள் மேல் கண்காணிப்பு மிகுந்தது. தேக்கு நட்ட நிலம்பூரிலிருந்தே காட்டைக் காக்கும் குரலும் எழுந்தது நினைக்கத்தக்கது. உரிமம் உண்டா, மரம் எங்கிருந்து வந்தது என்று முதலாளியைக் கேட்கத் துணிபவனும் நல்ல உதவியாளனே. சொன்னதைச் செய்பவன் மட்டும் உதவியாளன் அல்லன். தவற்றைத் தடுப்பவனும் உதவியாளன்.

வள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆளை ஆராய்ந்து வேலையை ஒப்படைப்பது அரசர்க்கு மட்டும் உரிய கலை அன்று; இரண்டு பேர் சேர்ந்து செய்யும் எந்த வேலைக்கும் உரியது. ஆராய்ந்து கொண்ட பின் அவனை நம்புவதும், கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும், தெரிந்ததை ஒளிக்காமல் கற்பிப்பதும் அந்தக் கலையின் மறு பாதி.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் குழி வெட்டி மரம் அறுத்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களிடம் செல்லுங்கள். எந்த மரம் வாளுக்கு இணங்கும், எது இணங்காது என்று கேளுங்கள். அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு, வாளின் மறு பிடியைப் பிடித்தவர் யார் என்று கேட்டு, அவர் பெயரையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அந்தச் சொற்களும் பெயர்களும் அவர்களோடு மறைந்தால் பின்பு எந்த நூலகத்திலும் கிடைக்கமாட்டா.