காணியும் மனையும்

செங்கற்பட்டுச் சீமையின் பழைய நிலக் கணக்கில் இரண்டு அளவைகள் வழங்கி வந்தன. ஒன்று காணி, மற்றொன்று மனை. மனை என்பது 2,400 சதுர அடி. இந்நாளில் கிரவுண்டு என்று சொல்லுகிறோமே, அதுதான். இருபத்து நான்கு மனை கொண்டது ஒரு காணி; ஆங்கிலக் கணக்கில் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மிகுதி. உழுகிறவன் காணியாக எண்ணினான். வீடு கட்டுகிறவன் மனையாக எண்ணினான். தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சென்ற நூறாண்டுகளில் கண்ட மாறுதலைச் சுருங்கச் சொன்னால், காணிக் கணக்கு மனைக் கணக்காயிற்று எனலாம். அம்மாறுதலில் சாவுக்கும், சாவை ஒட்டிய வரிக்கும், பாகப்பிரிவினைக்கும் என்ன பங்கு என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

காணி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தலைமுறை தலைமுறையாக வரும் உரிமையைக் காணியாட்சி என்றனர். மிராசு என்று பாரசீகப் பெயரும் பெற்றது அது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன்பின் வந்த துரைகள் இவ்வுரிமையைக் கண்டு திகைத்தனர். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இதனோடு போராடினார். சில ஆண்டுகளுக்குப் பின் எல்லிஸ் துரை மிராசு உரிமையைப் பற்றி விரிவாகவே எழுதிவைத்தார். ஊர் நிலம் முழுவதும் பல பங்குகள்; ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை பங்கு. சில ஊர்களில் குறித்த காலத்துக்கு ஒருமுறை நிலத்தை மாற்றிப் பகிர்ந்துகொள்வர். அதனைப் பசுங்கரை என்றனர். ஏரி நீர் எட்டும் வயலும் எட்டாத வயலும் ஒரே குடும்பத்துக்கு நிலைத்துவிடாதிருக்க அஃது ஒரு வழி.

இதனைப் பொற்காலமாக நான் பாடவரவில்லை. அவ்வயல்களில் இறங்கி உழைத்த பண்ணையாட்களுக்குப் பங்கு ஏதும் இல்லை. 1891இல் கலெக்டர் டிரமன்ஹீர் அவர்களது நிலையை விவரித்து அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பினார். அதனை ஒட்டியே பஞ்சமி நிலங்கள் ஏற்பட்டன. குடும்ப நிலம் என்று நாம் பேசும்போது, நிலமே இல்லாத குடும்பங்களும் அதே ஊரில் வாழ்ந்தன என்பதை மறத்தலாகாது.

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை என்று எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் கூடவே ஓர் ஏரி நினைவுக்கு வரும். ஏரிப் பாசனமே இப்பகுதியின் உயிர்நாடி. 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே குடியேறிற்று. பட்டணத்தில் உத்தியோகம், தாம்பரத்தில் வீடு என்ற வாழ்க்கை கைகூடியது. அன்றுமுதல் ஏரிக்குக் கீழ் இருந்த நன்செய்க்கு இரண்டு விலைகள் ஏற்பட்டன: நெல்லைக் கொண்டு கணக்கிடும் விலை ஒன்று, ரயிலடிக்கு உள்ள தொலைவைக் கொண்டு கணக்கிடும் விலை மற்றொன்று.

இந்த நிலையில்தான் 1953ஆம் ஆண்டு, சி. டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்த காலத்தில், நாடாளுமன்றம் எஸ்டேட் வரிச் சட்டத்தை இயற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மரண வரி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். விவசாய நிலம் ராஜ்யங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதாதலின், ராஜ்ய சட்டசபை தீர்மானம் செய்து இசைந்தாலன்றி அந்நிலத்தின்மீது இவ்வரி செல்லாது. சென்னை ராஜ்யமும் இசைந்தது. மிதாட்சரக் கூட்டுக் குடும்பத்தில் இறந்தவரது பங்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் வரி உண்டு. மற்றவர்க்கு முதலில் 1,00,000 ரூபாய் வரை விலக்கு இருந்தது. பெருஞ்செல்வரிடமிருந்து வாங்கி ராஜ்யங்களின் வளர்ச்சிக்குக் கொடுப்பது நோக்கம். நோக்கத்தில் நான் குறை காணவில்லை. உழவனின் ஏர் முதலிய கருவிகளுக்கும் வீட்டுச் சாமான்களுக்குமாக 2,500 ரூபாய் வரை விலக்கு அளிக்கும் விதியும் அச்சட்டத்தில் இருந்தது. ஐந்தாண்டுக்குள் அதே சொத்தில் இரண்டாம் சாவு நேர்ந்தால் வரியைக் குறைக்கவும் இடம் வைத்திருந்தனர். இரக்கமற்ற சட்டம் என்று அதனைச் சொல்ல முடியாது.

ஆனால் மதிப்பீட்டு விதி ஒன்று இருந்தது. இறந்த நாளில் திறந்த சந்தையில் விற்றால் சொத்து என்ன விலை பெறுமோ, அதுவே அதன் மதிப்பு. தஞ்சைக் கழனிக்கு இவ்விதியால் பெரிய தீங்கில்லை. அங்கே சந்தை விலையும் விளைச்சலும் அத்துணை விலகி நிற்கவில்லை. தாம்பரத்தில் அப்படியன்று. சாகுபடி செய்தவர் காணியில் வாழ்ந்தார். மதிப்போ மனையில் நின்றது. வரி விகிதமும் ஏறிற்று. தொடக்கத்தில் உச்சம் நூற்றுக்கு 40. 1966இல் அது 85 ஆயிற்று.

மரண வரிதான் இப்பகுதி விவசாயத்தை விழுங்கியது என்று சொல்வோரும் உண்டு. நான் அதனை ஏற்கவில்லை. இரண்டு மூன்று காணி வைத்திருந்த குடியானவர்களிற் பெரும்பாலோர் விலக்கு வரம்புக்குள்ளேயே இருந்திருப்பர். 1984இல் விவசாய நிலம் இவ்வரியிலிருந்து விலக்கப்பட்டது. மறு ஆண்டு நிதியமைச்சர் வி. பி. சிங் வரியையே எடுத்துவிட்டார். நாடு முழுவதும் கிடைத்த வருமானம் ஏறக்குறைய 20 கோடி ரூபாய்தான், வசூல் செலவோ அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். வரி போயிற்று, வயல் நின்றதா? நிற்கவில்லை. தாம்பரம், மேடவாக்கம், முடிச்சூர்ப் பக்கங்களில் நிலம் மனைகளாகச் சிதறியது பெரும்பாலும் 1985க்குப் பிறகேயாகும்.

அப்படியானால் காரணம் யாது? சட்டத்தை எடுத்தோம்; அதன் மதிப்பீட்டு முறை குடும்பங்களுக்குள்ளேயே நிலைத்துவிட்டது. தந்தை இறக்கிறார். மூன்று பிள்ளைகள், ஒருவன் உழுகிறான், மற்ற இருவரும் உத்தியோகத்தில் இருக்கின்றனர். அவ்விருவரும் தத்தம் பங்கைச் சந்தை விலையில் கேட்பது நியாயமே. உழுகிறவன் அதனை நெல் விற்ற பணத்தில் கொடுக்க வேண்டும். எத்தனை போகம் விளைந்தாலும் அவனால் ஆகாது. அரசாங்கம் கேட்ட வரியையாவது நூற்றுக்கு இவ்வளவு என்று வரையறுத்திருந்தனர். உடன்பிறந்தார் கேட்பதோ மூன்றில் இரண்டு பாகம். 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் பெண்மக்களுக்கும் பிறப்பால் பங்கு கொடுத்தபோது, இதனால்தான் நிலம் போகிறது என்று சிலர் முணுமுணுத்தனர். வீண் பழி அது. ஆண்மக்களே நெடுங்காலமாக வெட்டிப் பிரித்துக்கொண்டிருந்த நிலத்தில்தான் பெண்ணும் தன் நீதியான பங்கைப் பெற்றாள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சிக்கலன்று. 1894இல் ஹார்கோர்ட் மரண வரியைப் புதுப்பித்துப் போட்ட இங்கிலாந்தில், விவசாய நிலத்துக்குப் பின்னர்ச் சலுகை தந்தனர். 1992 முதல் தகுதியுள்ள நிலத்துக்கு முழு விலக்கே இருந்தது. 2024 அக்டோபரில் அந்நாட்டு அரசாங்கம், 10 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட பண்ணைச் சொத்துக்கு 2026 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 20 வீதம் வரி என்று அறிவித்தது. நவம்பரில் விவசாயிகள் லண்டனில் திரண்டனர். 2025 டிசம்பரில் அவ்வரம்பை 25 லட்சம் பவுனாக உயர்த்த அரசாங்கம் இசைந்தது. நிலத்தில் செல்வமும் கையில் வறுமையுமாக இருக்கிறோம் என்பது அவர்கள் வாதம். பண்ணை ஒன்றின் பரப்பைப் பார்த்தால் நம் குடியானவன் அவர்களுக்கு முன் கடுகு. ஆயினும் வாதம் ஒன்றே.

நம் நாட்டில் அளித்த ஆதரவைப் பார்ப்போம். 1970இல் நகரை ஒட்டிய விவசாய நிலத்தின் விற்பனை லாபத்துக்கு வருமான வரி விதித்தபோது, இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்கு என்று ஒரு விதியும் சேர்த்தனர். நல்ல விதிதான், ஆனால் தாம்பரத்து உழவனை மதுராந்தகத்துக்கு அப்பால் அனுப்பிவைக்கும் விதி. பத்திரப் பதிவிலும் குடும்பத்தாருக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் கட்டணத்தில் உச்சவரம்பு வைத்துத் தமிழக அரசாங்கம் சலுகை தருகிறது. அச்சலுகையைப் பிரிக்கிறவரும் பெறுகிறார், பிரியாமல் ஒருவர் கையில் சேர்த்து உழுகிறவரும் பெறுகிறார். பின்னவருக்குச் சற்று மிகுதியாகக் கொடுத்து, இத்தனை ஆண்டு சாகுபடியில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டால் கருவூலத்துக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்? எனக்கு விளங்கவில்லை.

மதுரப்பாக்கம், அகரம்தென் பக்கங்களில் இன்னும் நெல் விளையும் துண்டுகள் உண்டு. இத்தகைய துண்டுகள் பலவற்றுக்குப் பட்டா, இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே நின்றுவிடுவது வழக்கம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதம மந்திரி கிசான் உதவி, 2019 பிப்ரவரி முதல் நாளுக்குப் பின் நிலம் வாங்கியவருக்குக் கிடையாது. ஆனால் வாரிசு வழியில் பெயர் மாறியவருக்கு உண்டு. பயிர்க் கடனுக்குச் சென்றாலும் முதலில் கேட்பது பட்டாவைத்தான். வாரிசுச் சான்றிதழ் பெற்று, உடன்பங்காளிகளின் இசைவோடு தாலுகா அலுவலகத்தில் பெயரை மாற்றிக்கொண்ட குடும்பம் இவ்வுதவியைப் பெறுகிறது. பெயரை மாற்றாத குடும்பத்தைத் தேடி முதலில் வருகிறவர் மனைத் தரகரே.