காஜி மன்றத்தில் பதிவான சம்மதம்

இஸ்தான்பூல் மாநகரின் ஆசியக் கரையில் அமைந்த பகுதி உஸ்குதார். உதுமானியர் ஆட்சியில் அங்கு இயங்கிய காஜி மன்றத்தின் பதிவேடுகள் இன்றளவும் பேணப்பட்டு வருகின்றன. சொத்து, கடன், மணவிலக்கு முதலிய வழக்குகளுக்கு நடுவே, நம் கருத்தைக் கவரும் வேறொரு வகைப் பதிவும் அவற்றில் உண்டு. 1622ஆம் ஆண்டளவில், ஸாலிஹா கத்தூன் என்னும் பெண் ரண சிகிச்சையாளரிடம் குடலிறக்க நோய்க்கு அறுவை செய்துகொள்ள வந்தவர்கள், உடலில் கத்தி படுமுன் காஜியின் முன்னிலையில் தம் சம்மதத்தைப் பதிவு செய்தனர். ஆடவரும் அவர்களுள் அடங்குவர்.

உதுமானிய நகரங்கள் பலவற்றில் இத்தகைய சம்மதப் பத்திரங்கள் எழுதப்பட்டன. குடலிறக்கமும் சிறுநீர்ப்பைக் கல்லுமே பெரும்பாலும் நோய்கள். சிகிச்சையின் விளைவாக உயிர் நீங்கினால், சிகிச்சையாளர் மீது எவரும் தியத் என்னும் இழப்பீடு கோருவதில்லை என்று சாட்சிகள் முன் உறுதி கூறப்படும். நோயாளி சிறுவனாயின் தந்தையோ காப்பாளரோ சம்மதம் தருவார்.

இவ்வழக்கத்திற்கு வேர் ஃபிக்ஹு நூல்களில் இருக்கின்றது. மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால், அவனே பொறுப்பாளி என்பது நபிமொழி. ஹிஜ்ரி 620இல் (கி.பி. 1223) மறைந்த இமாம் இப்னு குதாமா, தேர்ச்சியோடு அனுமதியையும் வலியுறுத்தினார். ஒருவரின் உடற்கட்டியை அவர் அனுமதியின்றி அறுத்து, அதனால் கேடு நேர்ந்தால், அறுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. அப்பத்திரங்களின் முதல் நோக்கம் சிகிச்சையாளரைக் காப்பதேயாகும். நோயாளிக்கு அனைத்தையும் விளக்கிச் சொல்வது மருத்துவரின் கடமை என்னும் கருத்து சட்டத்தில் வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். தன் உடலுக்கு நேர்வதைத் தீர்மானிக்கும் உரிமை அறிவுத் தெளிவுள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு என்று, 1914இல் நியூயார்க் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார். விளக்கம் பெற்று அளிக்கும் சம்மதம் என்னும் சொல்லாட்சி, 1957இல் கலிபோர்னியத் தீர்ப்பொன்றின் வழியே நிலைபெற்றது.

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் வழங்கிய தீர்ப்பு, குடும்பத்தார் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. பரிசோதனைக்காக மயக்க மருந்து ஏற்ற 44 வயதுப் பெண்மணி ஒருவர் உணர்விழந்திருந்தபோது, அவருடைய தாயாரின் ஒப்புதலை மட்டும் பெற்றுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அவசர ஆபத்து ஏதும் இல்லாத நிலையில், வயது வந்த பெண்ணுக்காகத் தாயாரும் சம்மதம் தர இயலாது என்றது நீதிமன்றம். நோயின் தன்மை, சிகிச்சையின் பயன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்கே எடுத்துரைக்க வேண்டும் என்றும் வரையறுத்தது.

இங்கே ஹதீஸில் வரும் ஒரு நிகழ்ச்சி சிந்திக்கத்தக்கது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி நோயுற்றிருந்த வேளையில், வேண்டாமென்று சைகை காட்டியும், உடனிருந்தோர் அன்பு மிகுதியால் அவர்கள் வாயில் மருந்தூற்றினர். நோயாளிக்கு மருந்தின்பால் தோன்றும் இயல்பான வெறுப்பென அதை எண்ணிவிட்டனர். தெளிவு பெற்றதும் நாயகம் (ஸல்) அவர்கள் அச்செயலைக் கண்டித்தார்கள்.

அன்புடையோர் செய்ததாயினும் அது கண்டிக்கப்பட்டது. நம் இல்லங்களிலும் மனைவிக்காகக் கணவரும், முதிய தாய்க்காக மகனும் ஒப்பமிட விரைகின்றனர். அதற்கு முன், கட்டிலில் கிடப்பவரிடம் விவரத்தைச் சொல்லி அவர் விருப்பத்தைக் கேட்பது நம் கடமையன்றோ?