ஆரோக்கியப்பச்சை: பொதிகை மலையில் ஒரு பங்குரிமை வழக்கு

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையின் கிழக்குச் சரிவு திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. மேற்குச் சரிவு கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு உரியது. காணிக்காரர் என்னும் பழங்குடியினர் இரு சரிவுகளிலும் வாழ்கின்றனர். கிழக்கே, பாபநாசத்துக்கு மேல், காரையாறு, சேர்வலாறு அணைகளைச் சூழ்ந்த காட்டில் மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. ஒரு மக்களின் மருந்தறிவை ஆய்வுக்கூடம் எடுத்தாளும்போது யாரிடம் இசைவு பெறவேண்டும், அதனால் வரும் பணத்தில் யாருக்குப் பங்கு என்னும் வினாக்கள் உயிரித் தொழில்நுட்ப அறவியலில் இன்றும் தீராதவை. அவற்றுக்கு நடைமுறையில் விடை காண முயன்ற முன்னோடி நிகழ்வு இந்த மலையில்தான் தொடங்கியது.

1987ஆம் ஆண்டு, பழங்குடியினர் செடிகொடிகளையும் விலங்குகளையும் பயன்படுத்தும் முறைகளை ஆராயும் இனஉயிரியல் திட்டம் ஒன்றின்கீழ், புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர்கள் மேற்குச் சரிவில் ஏறினர். வழிகாட்டச் சென்ற காணிக்காரர் சிறு பழங்களை அவ்வப்போது தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர்; சோர்ந்துபோன ஆய்வாளர்களுக்கும் அவற்றைக் கொடுத்தனர். எந்தச் செடி என்று கேட்டபோது, அது வெளியாருக்குச் சொல்லத் தகாதது என்று தயங்கி, தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதிமொழியைப் பெற்ற பின்னரே காட்டினர். நிழலும் ஈரமும் உள்ள காட்டுத்தரையில் வளரும் அக்குறுஞ்செடியே ஆரோக்கியப்பச்சை. தாவரவியலார் அதை டிரைக்கோபஸ் சைலானிக்கஸ் இனத்தின் திருவிதாங்கூர் வகை என்பர்.

காணிக்காரர் தின்றது பழம். ஆய்வுக்கூடம் எடுத்துக்கொண்டது இலை. பாலோட்டிலுள்ள கேரள அரசின் வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் அவ்விலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் ஊக்க மருந்தை உருவாக்கி, அதைத் தயாரிக்கும் உரிமத்தை 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவீத ராயல்டிக்கும் வழங்கியது. இந்த இரண்டிலும் சரிபாதி காணிக்காரருக்கு என்பது நிறுவனத்தின் முடிவு. பல்லுயிர் வளத்தின் பயனை நியாயமாகப் பகிரவேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் ரியோ உடன்படிக்கை கூறியிருந்தாலும், அதை நிறைவேற்றும் சட்டம் இந்தியாவில் அப்போது இல்லை. கட்டாயம் ஏதுமின்றிக் கொடுக்க முன்வந்த அந்தப் பெருமையை அந்நிறுவனத்திடமிருந்து பறிக்க இயலாது.

ஆனால் அந்தப் பங்கைப் பெறுவதற்குக் காணிக்காரரிடம் அப்போது ஓர் அமைப்பு இல்லை; அவர்களுக்குள் கருத்தொற்றுமையும் இல்லை. மந்திரமும் மருந்தும் அறிந்த பிலாத்திகள் சிலர், தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்து 1995இலேயே கேரள முதலமைச்சருக்கு எழுதினர். வழிகாட்டிகள் இரண்டு மூன்று பேரின் இசைவு குலம் முழுவதன் இசைவாகுமா என்னும் அவர்களுடைய ஆட்சேபம், மருத்துவ ஆய்வில் முன்னிசைவு, அதாவது விளைவுகளை அறிந்து முன்கூட்டியே தரும் ஒப்புதல், என்று பேசப்படுவதன் மையத்தையே தொட்டது. 1997இல்தான் கேரளக் காணிக்காரர் நல அறக்கட்டளை பதிவாயிற்று. 1999இல் அதன் கணக்கில் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் சேர்ந்தது. இதற்கிடையே, காணிக்காரர் தம் குடியிருப்பருகே பயிரிட்ட ஆரோக்கியப்பச்சையைப் பறித்து விற்கவும் வனத்துறை தடை விதித்தது. அறிவுக்கு விலை கொடுத்த அரசின் மற்றொரு கை, இலைக்கு விலை கிடைக்காமல் செய்தது.

அறக்கட்டளையின் பெயரிலேயே மாநில எல்லை இருந்தது. மலைமுகட்டின் கிழக்குப் பக்கம், அதே குலத்தவரான பாபநாசம் காணிக்காரருக்கு அதில் இடமில்லை. ஒப்பந்தம் எழுதியவர்கள் நிர்வாக வசதியைக் கருதியிருக்கலாம். எனினும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு மாநில எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் பயன்பகிர்வைக் கட்டாயமாக்கியது. 2023ஆம் ஆண்டின் திருத்தமோ, மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ள நூல்களிலிருந்து பெறப்படும் ‘தொகுக்கப்பட்ட’ மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்களித்தது. இதனால் திருநெல்வேலியில் எழும் சிக்கல் தனியானது. அகத்தியரைத் தலைமைச் சித்தராகக் கொண்டு, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கப்படும் மருத்துவம் நூல்வழி வந்தது. அகத்தியர் மலை எனப்படும் பொதிகையிலேயே குடியிருக்கும் காணிக்காரரின் மருத்துவம் வாய்வழி வந்தது. ஒரே செடி இரண்டிலும் இடம்பெறும்போது, அது அட்டவணை நூலில் உள்ளது என்று காட்டிப் பங்கு கொடுக்காமல் தப்பிக்க வழி பிறக்கிறது. எழுதிவைக்காத குற்றத்துக்கு உரிமையிழப்புத் தண்டனையாவது எவ்வகையிலும் நியாயமன்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த மரபறிவின்மீது காட்டுவாழ் மக்களுக்குக் கூட்டுரிமை உண்டு என்று அறிவித்துள்ளது. பொதிகையின் அடுத்த மூலிகையைத் தேடி ஏறுவோர், இரு சரிவுகளின் காணிக்காரர் கிராம சபைகளையும் கேட்டபின் ஏறுவதே முறை.