பக்கத்து ஊரில் ஒரு உலக அழகி: 1996

தலைப்பைப் பார்த்துட்டு ஜொள்ளு விட வந்த மக்களே, மன்னிக்கவும். படம் எதுவும் போடலை :-) இது கொஞ்சம் சீரியஸான கொசுவர்த்தி. அதுவும் நான் சுத்துற கொசுவர்த்தி இல்லை, ஏன்னா இது நடந்தப்போ நான் பிறக்கவே இல்லை.

23 நவம்பர் 1996, சனிக்கிழமை ராத்திரி. பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியம். கும்ப்ளேவும் ஸ்ரீநாத்தும் பந்து போட்ட அதே மைதானத்துல மேடை போட்டு, 88 நாட்டுப் பெண்களை நிறுத்தி உலக அழகியைத் தேர்ந்தெடுத்தாங்க. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து அந்த இடம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனா இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் 1991 காவிரிக் கலவரம் ஞாபகம் இருக்கு, 2000ல் ராஜ்குமார் கடத்தல் ஞாபகம் இருக்கு, 96 அழகிப் போட்டின்னா "ஆமா, ஏதோ அமிதாப் பச்சன் நடத்துனாரே" என்பதோட நிக்குது. எனக்கென்னவோ இந்தக் கதை நாம நினைக்கிறதை விடப் பெருசுன்னு தோணுது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் பூர்வீகம். 1951ல் லண்டன்ல "பிரிட்டன் திருவிழா" நடந்தது. உலகப் போர் முடிஞ்சு சோர்ந்து கிடந்த நாட்டுக்கு உற்சாகம் கொடுக்க அரசாங்கமே நடத்திய விழா. அதையொட்டி, நடன அரங்குகள் நடத்திய மெக்கா கம்பெனியைச் சேர்ந்த எரிக் மோர்லி ஒரு நீச்சலுடைப் போட்டி வெச்சார். அப்ப பிகினி புதுசு, அதனால பரபரப்பு. ஸ்வீடனைச் சேர்ந்த கிகி ஹோகன்சன் ஜெயிச்சு, பிகினியிலேயே கிரீடம் சூடினார். ஒரே ஒரு தடவை நடக்க வேண்டிய விளம்பர நிகழ்ச்சி, பத்திரிகைகள் கொடுத்த வரவேற்பால வருஷா வருஷம் தொடர ஆரம்பிச்சது. ஆக, பிறந்ததே விளம்பரத்துக்காகத்தான். அதுல ஒளிவு மறைவு கிடையாது.

நம்ம நாட்டுக்கு முதல் பட்டம் 1966ல். ரீட்டா ஃபரியா, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரி மாணவி. ஆசியாவுக்கே அதுதான் முதல் உலக அழகிப் பட்டம். எனக்கு இவங்க கதையில பிடிச்ச விஷயம், ஒரு வருஷம் கிரீடத்தோட சுத்திட்டு, வந்த மாடலிங், சினிமா வாய்ப்பை எல்லாம் ஓரங்கட்டிட்டு லண்டன்ல மருத்துவப் படிப்பைத் தொடர்ந்து டாக்டரா ஆகிட்டாங்க. அதுக்கப்புறம் 28 வருஷம் பட்டம் எதுவும் இல்லை.

திடீர்னு 1994ல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, ஐஸ்வர்யா ராய் உலக அழகி. ஒரே வருஷத்துல ரெண்டு. நம்ம ஊர்ப் பெண்கள் ராத்திரியோட ராத்திரியா அழகாகிட்டாங்களான்னு அப்பவே பலர் கிண்டலா கேட்டாங்க. 1991ல் பொருளாதாரக் கதவைத் திறந்து விட்டாச்சு, கேபிள் டிவி வீட்டுக்குள்ள வந்தாச்சு, ஷாம்பூவும் கிரீமும் விக்க கோடிக்கணக்கான பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. ஜெயிச்ச ரெண்டு பேரோட திறமையை இதனால குறைச்சு சொல்ல முடியாது. ஆனா அந்த வெற்றியை வெச்சு வியாபாரம் பண்ண ஒரு சந்தை ரெடியா இருந்தது என்பதும் உண்மை.

இந்த இடத்துலதான் அமிதாப் உள்ளே வர்றார். நடிப்புக்கு இடைவெளி விட்டுட்டு ஏபிசிஎல்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருந்தார். சினிமா, டிவி, நிகழ்ச்சி மேலாண்மை எல்லாத்தையும் கார்ப்பரேட் பாணியில பண்றது திட்டம். 1996 உலக அழகிப் போட்டியை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது இந்தக் கம்பெனிதான். பெங்களூரைத் தேர்ந்தெடுத்ததும் பொருத்தமாத்தான் இருந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985லயே வந்தாச்சு, இன்ஃபோசிஸ் 1993ல் பங்குச் சந்தைக்குப் போயாச்சு, ஓசூர் ரோட்டுல எலெக்ட்ரானிக் சிட்டி வளர ஆரம்பிச்சாச்சு. "நாங்களும் உலகத்தோட சேர்ந்துட்டோம்"னு சொல்லிக்க ஒரு மேடை தேவைப்பட்டது. பிரதமர் தேவகௌடா கர்நாடகாக்காரர், முதல்வர் ஜே.ஹெச்.படேல் அரசு போட்டிக்கு முழு ஆதரவு.

எதிர்ப்பு மூணு திசையில இருந்து வந்தது. இதுதான் ரொம்ப சுவாரசியமான பகுதி.

முதல் கோஷ்டி, கலாச்சாரக் காவலர்கள். பாஜகவும் அதைச் சார்ந்த அமைப்புகளும் "இந்தியப் பெண்மைக்கு இழுக்கு"ன்னு களத்துல இறங்கினாங்க. ஒரு பெண்கள் அமைப்பு தற்கொலைப் படை அனுப்புவோம், தீக்குளிப்போம்னு மிரட்டல் விட்டது.

ரெண்டாவது, பேராசிரியர் நஞ்சுண்டசாமியோட கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம். விவசாயிகளுக்கும் அழகிப் போட்டிக்கும் என்னங்க சம்பந்தம்னு கேக்காதீங்க. இவங்கதான் அதே 1996 ஜனவரியில பெங்களூர் கென்டக்கி சிக்கன் கடையை அடிச்சு நொறுக்கினவங்க. விதை, கோழிக்கறி, அழகு எல்லாமே பன்னாட்டுக் கம்பெனி கையில போகுதுங்கிறது அவங்க வாதம்.

மூணாவது, இடதுசாரிப் பெண்கள் அமைப்புகளும் பெண்ணியவாதிகளும். பெண் உடம்பைச் சரக்காக்கி விக்காதே என்பது அவங்க பக்கம். 1970லேயே லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல பாப் ஹோப் மேடையில நிக்கும்போது பெண்ணியவாதிகள் மாவுப் பொட்டலம் வீசி கலாட்டா பண்ணின வரலாறு இருக்கே, அந்த வழி.

ஒரே கோரிக்கை, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத மூணு காரணம். ஒருத்தர் "மூடு"ங்கிறார், ஒருத்தர் "விக்காதே"ங்கிறார், ஒருத்தர் "வெளிநாட்டுக்காரன் விக்காதே"ங்கிறார். தூரத்துல இருந்து பார்த்தா எல்லாம் ஒரே ஊர்வலமாத்தான் தெரியும்.

வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நீச்சலுடைச் சுற்றை மட்டும் இந்தியாவுல வேண்டாம்னு தூக்கி செஷல்ஸ் தீவுல நடத்தினாங்க. ஸ்டேடியத்தைச் சுத்தி பத்தாயிரம் போலீஸ் பந்தோபஸ்து. கிரீஸ் நாட்டு இரீன் ஸ்கிலிவா, 18 வயசு, பட்டம் ஜெயிச்சாங்க. கிரீஸுக்கு அதுதான் முதல் உலக அழகிப் பட்டம். இந்தியா சார்பா நின்ன ராணி ஜெயராஜ் முதல் ஐந்து பேருக்குள்ள வந்தாங்க. ஏபிசிஎல்லுக்குக் கையைக் கடிச்சது. கம்பெனி கடன்ல மூழ்கி, அமிதாப் 2000ல் "கௌன் பனேகா கரோர்பதி"யில உக்காந்துதான் மீண்டு வந்தார். அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

தெரியாத கதை ஒண்ணு இருக்கு. போட்டிக்கு ஒன்பது நாள் முன்னாடி, நவம்பர் 14ஆம் தேதி, நம்ம மதுரையில நடந்த எதிர்ப்புப் போராட்டத்துல ஒரு இளைஞர் தீக்குளிச்சு செத்துப் போனார். வயசு 24, தையல் தொழிலாளி. பெங்களூர்ல மிரட்டல் விட்டவங்க யாரும் சாகலை. மிரட்டல் எதுவும் விடாத ஒரு தையல்காரர், 400 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, நேர்ல பார்த்தே இருக்காத ஒரு மேடைக்காகச் செத்தார். உலக அழகிப் போட்டியோட வரலாறுன்னு எழுதுற கட்டுரைகள்ல அவருக்கு அரை வரி கிடைச்சா அதிகம். அந்த அரை வரியைத் தாண்டிப் போக என்னால முடியலை. சட்டை தைச்சு வயித்தைக் கழுவுற ஒரு பையனுக்கு, எந்தப் பேச்சு உயிரை விடுற அளவுக்குப் பெருசா தெரிஞ்சிருக்கும்? அந்தப் பேச்சைப் பேசினவங்க மறுநாள் என்ன பண்ணினாங்க?

இப்ப எல்லைக்கு இந்தப் பக்கம் வருவோம். 1996ல் ஓசூரும் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டம் இல்லை, தர்மபுரி மாவட்டம்தான் (கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிஞ்சது 2004ல்). அந்தக் காலத்து தர்மபுரிக்கு ரெண்டு பேர் உண்டு. ஒண்ணு, சேலம், மதுரை பக்கம் மாதிரியே பெண் சிசுக்கொலைக்கு அடிபட்ட பேர். 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை சேலத்துல ஆரம்பிச்சு, பின்னாடி தர்மபுரிக்கும் கொண்டு வர வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. இன்னொண்ணு, 1989ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில, தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதல்ல தொடங்கின மாவட்டமும் இதுதான்.

அதாவது, ஜூஜுவாடி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் "இந்தியப் பெண்ணின் மானம்"னு தொண்டை கிழிய கத்திக்கிட்டு இருந்தப்போ, இந்தப் பக்கம் பெண் குழந்தை பிறந்தா உயிரோட இருக்குமாங்கிறதே கேள்வியா இருந்த ஊர்கள் இருந்துச்சு. அதுக்கு யாரும் தற்கொலைப் படை அனுப்பலை. அதே ஊர்ப் பொம்பளைங்க, வாரத்துக்கு அஞ்சு ரூபா பத்து ரூபான்னு சேர்த்து, பேங்க் வாசப்படி ஏறி, கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு எந்த டிவியும் நேரடி ஒளிபரப்பு பண்ணலை.

எங்க அத்தை அப்போ சிப்காட்ல ஒரு கம்பெனியில அசெம்பிளி லைன்ல இருந்தாங்க. போன மாசம் கேட்டேன், "அத்தை, 96ல பெங்களூர்ல உலக அழகிப் போட்டி நடந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. லைன்ல எல்லாரும் பேசிக்கிட்டோம். அந்தப் புள்ளைங்கள உயரம், இடுப்பெல்லாம் அளந்தாங்களாம்னு ஒருத்தி சொன்னா. நம்மளயும்தான் வேலைக்குச் சேக்கறப்போ கண்ணு, கைவிரலு எல்லாம் பாத்தாங்கனு இன்னொருத்தி சொன்னா. ஒரே சிரிப்பு."

"தப்புன்னு தோணலையா உங்களுக்கு?"

"தப்போ சரியோ, அது அவங்க பொழப்புடா. பெங்களூர்ல கலாட்டான்னா ராத்திரி ஷிப்ட் பஸ் வருமா வராதானு எங்களுக்குக் கவலை."

பெண்ணியப் புத்தகம் எதுவும் படிக்காத அத்தை சொன்ன அந்த ஒப்பீடு எனக்கு ரொம்ப நாளைக்குப் போதும். விரலைப் பார்த்து எடுக்கிறதும் இடுப்பைப் பார்த்து எடுக்கிறதும் ஒண்ணு கிடையாதுன்னு வாதாடலாம், நானும் ஒண்ணுன்னு சொல்லலை. ஆனா அந்த வருஷம் பெண்ணைப் பத்திப் பேசின அத்தனை பேர்ல, மேடையில நின்ன பெண்ணையும் லைன்ல நின்ன பெண்ணையும் ஒரே வாக்கியத்துல வெச்சுப் பார்த்தவங்க எத்தனை பேரு? பேசினவங்க எல்லாரும் அவங்களுக்காகப் பேசினாங்க. அவங்ககிட்ட பேசலை.

போட்டியாளர்கள் பொம்மைகள்தானேன்னு சொல்றவங்களுக்கு 2002 நைஜீரியாவை ஞாபகப்படுத்தணும். அங்க அமினா லவால்ங்கிற பெண்ணுக்குக் கல்லால அடிச்சுக் கொல்ற தண்டனை விதிச்சிருந்தாங்க. அதைக் கண்டிச்சு சில நாட்டு அழகிகள் போட்டியையே புறக்கணிச்சாங்க. அப்புறம் ஒரு பத்திரிகைக் கட்டுரையால கடுனாவுல கலவரம் வெடிச்சு 200 பேருக்கு மேல செத்தாங்க, போட்டியை லண்டனுக்கு மாத்தினாங்க. அமினாவோட தண்டனை 2003ல் ரத்தாச்சு. அதுக்கு உலகம் முழுக்க எழுந்த குரல்ல இந்தப் பெண்களோட குரலும் ஒண்ணு.

நீச்சலுடைச் சுற்று? அதை 2014 டிசம்பர்ல ஜூலியா மோர்லியே (எரிக் மோர்லியின் மனைவி, அவருக்கப்புறம் போட்டியை நடத்தறவர்) எடுத்துட்டார். பெங்களூர்ல அத்தனை பேர் கத்தியும் செஷல்ஸ் வரைக்கும்தான் போன விஷயம், 18 வருஷம் கழிச்சு சத்தமில்லாம போச்சு. 2018ல் திருச்சியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸ் மிஸ் இந்தியா ஆனப்போ தமிழ்நாட்டுல யாரும் கொடி பிடிக்கலை, வாழ்த்து சொன்னாங்க. காலம் மாறிடுச்சுன்னு நிம்மதியா முடிச்சிருக்கலாம்.

ஆனா 2025 மே மாசம் தெலங்கானாவுல நடந்த உலக அழகிப் போட்டியைப் பாருங்க. ராமப்பா கோயிலுக்குப் போன போட்டியாளர்களை வரிசையா உக்கார வெச்சு, உள்ளூர்ப் பெண்கள் குனிஞ்சு தண்ணி ஊத்தி, துண்டால கால் துடைச்சு விட்டாங்க. படம் வெளியே வந்ததும் பெரிய சர்ச்சை. அதே மாசம் மிஸ் இங்கிலாந்து மில்லா மெகி, தன்னைப் பணக்காரங்களுக்கு முன்னாடி காட்சிப் பொருளாக்கினாங்கன்னு குற்றம் சாட்டிட்டு பாதியிலேயே ஊருக்குப் போயிட்டாங்க. நடத்தினவங்க மறுத்தாங்க.

அந்தக் கால் துடைக்கிற படத்துல, உக்காந்திருந்தவங்க பேரும் நாடும் தோள்ல போட்ட பட்டையில எழுதியிருந்தது. குனிஞ்சிருந்தவங்க பேரை எந்தப் பத்திரிகையும் கேட்டதா எனக்குத் தெரியலை. 1996க்கும் 2025க்கும் நடுவுல எது மாறியிருக்கு, எது மாறலைன்னு அந்த ஒரு படத்தைப் பார்த்தாலே போதும்.

மதுரை நண்பர்கள் யாருக்காவது அந்தத் தையல்காரர் வீட்டைப் பத்தி, அந்த நவம்பரைப் பத்தி ஏதாவது தெரிஞ்சிருந்தா எழுதுங்க மக்களே. போட்டி ஜெயிச்சவங்களைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க.