குதிரையும் கூடாரமும்: அமெரிக்க மலைப்பண்ணைகள் சொல்லும் வரலாறு



கௌபாய் என்றதும் நம் மாணவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அகலத் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, பாய்ந்தோடும் குதிரை. எல்லாம் சினிமா கொடுத்த படம்தான். இன்று வயோமிங், மொண்டானா, கொலராடோ போன்ற அமெரிக்க மாநிலங்களில் மலையடிவாரக் குதிரைப்பண்ணைகள் பல விருந்தினரை வரவேற்கின்றன. பகலில் குதிரையேறி மலைக்குப் போகலாம், இரவில் கூடாரத்தில் தூங்கலாம். நல்ல விடுமுறை, இல்லையா? ஆனால் அந்தக் கூடாரம் நிற்கும் மண்ணுக்கும், வெளியே மேயும் குதிரைக்கும் நீண்ட கதை இருக்கிறது. இடைநிலைப்பள்ளி வகுப்பில் வரலாற்றையும் மொழியையும் சேர்த்துப் பேச உகந்த கதை. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குதிரை எங்கிருந்து வந்தது?

குதிரை இனம் தோன்றி வளர்ந்ததே வட அமெரிக்காவில்தான். ஆனால் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் அது அங்கே அடியோடு அழிந்துபோனது. மீண்டும் கப்பலேறித்தான் வந்தது. 1493-இல் கொலம்பஸ் தம் இரண்டாவது பயணத்தில் கரீபியன் தீவுகளுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தார். 1519-இல் கோர்த்தேஸ் 16 குதிரைகளோடு மெக்சிகோவில் இறங்கினார்.

பூர்வகுடி மக்களின் கைக்குக் குதிரை எப்போது வந்தது? 1680-இல் நியூ மெக்சிகோவில் புவெப்லோ மக்கள் ஸ்பானியரை விரட்டினார்கள், அதன் பிறகுதான் குதிரைகள் வடக்கே பரவின என்று நெடுங்காலம் புத்தகங்கள் எழுதின. 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இந்தக் கணக்கை மாற்றியது. பழைய குதிரை எலும்புகளைச் சோதித்ததில், 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வடக்கில் பூர்வகுடிகள் குதிரை வளர்த்தது தெரியவந்தது. லக்கோட்டா, கொமான்சி உள்ளிட்ட இனத்து அறிஞர்களும் அந்த ஆய்வில் பங்கேற்றார்கள். 'எங்களிடம் குதிரை முன்பே இருந்தது' என்று அந்த மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்ததைத் தள்ளிவிட முடியாது என்பதை எலும்புகள் காட்டின.

லக்கோட்டா மொழியில் குதிரைக்கு 'ஷுங்காவக்கான்' என்று பெயர். 'புனிதமான நாய்' என்று பொருள் சொல்லலாம். குதிரை வருவதற்கு முன் அவர்கள் சுமையை இழுத்தவை நாய்கள்தானே! பழைய உறவிலிருந்து புதிய பெயர் பிறந்திருக்கிறது.

சொற்கள் சொல்லும் உண்மை

மொழி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கௌபாய் உலகத்தின் சொற்களைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க. 'ரான்ச்' என்பது ஸ்பானிய 'ராஞ்சோ'. 'லாரியட்' எனும் சுருக்குக் கயிறு, 'லா ரியாத்தா'. 'ரோடியோ' என்றால் மாடுகளைச் சுற்றி வளைத்தல். 'பக்கரூ' என்பது 'வக்கேரோ', அதாவது மாட்டுக்காரர்.

ஜன்னல், அலமாரி, சாவி ஆகிய சொற்கள் போர்த்துகீசியர் வந்த கதையை நமக்குச் சொல்வதுபோல, இந்தச் சொற்கள் ஓர் உண்மையைச் சொல்கின்றன. கயிறு வீசவும் குதிரைமேல் இருந்து மாடு மேய்க்கவும் கற்றுக்கொடுத்தவர்கள் மெக்சிகோவின் மேய்ப்பர்கள். அதோடு, கௌபாய்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. சினிமா இவர்களை மறந்துவிட்டது.

வண்டியோடு நகர்ந்த முகாம்

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின், டெக்சஸ் மாடுகளை வடக்கே இரயில் நிலையங்கள் வரை ஓட்டிச் சென்றார்கள். மாதக்கணக்கில் வெட்டவெளியில் படுக்கை. 1866-இல் சார்ல்ஸ் குட்நைட் என்ற பண்ணைக்காரர் பழைய இராணுவ வண்டி ஒன்றின் பின்பக்கம் இழுப்பறைப் பெட்டி பொருத்தி, நடமாடும் சமையலறை ஆக்கினார். 'சக்வேகன்' என்று அதற்குப் பெயர். அவரை, காப்பி, புளித்த மாவு ரொட்டி எல்லாம் அதில் தயாராகும். இரவில் சமையல்காரர் வண்டியின் ஏர்க்காலை வட விண்மீனை நோக்கித் திருப்பி வைப்பார் என்று சொல்வார்கள். காலையில் திசை தெரிய வேண்டுமே!

அந்த முகாம் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

விருந்தாளி காசு கொடுத்த கதை

பிழைப்பு எப்படி விடுமுறை ஆனது? பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஈட்டன் சகோதரர்கள் ஹாவர்ட், ஆல்டன், வில்லிஸ் மூவரும் டகோட்டாவின் மெடோரா அருகே பண்ணை வைத்திருந்தார்கள். கிழக்கிலிருந்து நண்பர்கள் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். செலவு தாங்கவில்லை. 1882-இல் ஒரு விருந்தாளி தாமே பணம் கொடுக்க முன்வந்தார். 'டியூட் ரான்ச்' எனும் விருந்தினர் பண்ணையின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். 'டியூட்' என்றால் பகட்டாக உடுத்தும் பட்டணத்துக்காரர்.

1886-87 கடுங்குளிரில் அந்த வட்டாரத்து மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பக்கத்தில் பண்ணை வைத்திருந்த, பிற்காலத்தில் அதிபரான தியோடர் ரூசவெல்ட்டுக்கும் பெரிய நட்டம். மாட்டை மட்டும் நம்ப முடியாது என்று பண்ணைகள் உணர்ந்தன. 1904-இல் ஈட்டன் குடும்பம் வயோமிங்கின் பிக்ஹார்ன் மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1926-இல் இத்தகைய பண்ணையாளர்கள் சங்கம் அமைத்தார்கள்.

மலைமுகாம் வேலைமுறை பெரிதாக மாறவில்லை. விடியுமுன் பண்ணையாள் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்க் குதிரைகளை ஓட்டிவருவார். சுமக்கும் கோவேறு கழுதைக்கு இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சேணம் சரிந்து முதுகு புண்ணாகும். இரவில் குதிரையின் முன்னங்கால் இரண்டையும் குட்டைவாரால் தளை இட்டு மேயவிடுவார்கள். மேயலாம், வெகுதூரம் போக முடியாது.

யாருடைய நிலம்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். ஈட்டன்களின் முதல் பண்ணையின் பெயர் 'கஸ்டர் டிரெயில்'. 1876-இல் தளபதி கஸ்டரின் படை அந்த வழியாகத்தான் போனது. அவ்வாண்டு ஜூன் 25-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயென் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். ஆனாலும் அடுத்த சில ஆண்டுகளில் அவர்களை ஒதுக்கிடங்களுக்குள் அடைத்துவிட்டார்கள். ஆறே ஆண்டு கழித்துப் பண்ணைக்கு முதல் கட்டண விருந்தாளி!

தெற்கே டெக்சஸில் நடந்தது இன்னும் கொடுமை. 1874 செப்டம்பர் 28-இல் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் கொமான்சி, கயோவா, செயென் முகாம்களை இராணுவம் தாக்கியது. மக்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். பிடிபட்ட குதிரைகளில் 1,000-க்கும் மேற்பட்டவற்றைத் தளபதி மெக்கன்சி சுட்டுக்கொல்லச் சொன்னார். குதிரை இல்லாமல் வேட்டை இல்லை, குளிர்காலத்தைத் தாண்ட வழியும் இல்லை. 1875-க்குள் அவர்கள் சரணடைந்தார்கள். 1876-இல் அதே பள்ளத்தாக்கில் பண்ணை அமைத்தவர் யார் தெரியுமா? சக்வேகன் செய்த அதே குட்நைட்தான். இன்று அங்கே மாநிலப் பூங்கா இருக்கிறது. கூடாரம் அடிக்கலாம், குதிரையும் ஏறலாம்.

முகாம் போவது தவறு என்று மாணவர்களிடம் சொல்லத் தேவையில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் கூடாரம் அடிப்பவருக்கு அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பறைக்கு

1. 1876, 1882, 1904, 1926 ஆகிய ஆண்டுகளைக் காலக்கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். 1876-க்கும் 1882-க்கும் இடையே உள்ள தூரத்தை மாணவர்களே கவனிக்கட்டும்.

2. 1680 பற்றிய பழைய கணக்கு ஏன் மாறியது? வாய்மொழி, ஏடு, எலும்பு மூன்றில் எதை எப்போது நம்பலாம் என்று குழுவாக விவாதிக்கலாம்.

3. நம் ஊர்ப் பெயர்களிலும் தோட்டப் பெயர்களிலும் ஒன்றை எடுங்கள். அந்தப் பெயரை வைத்தவர் யார், அதற்கு முன் அங்கே இருந்தவர் யார்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பத்தி எழுதி வரட்டும்.