பன்றிகளின் கருச்சிதைவும் புருசெல்லாவும்

1914-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சினை கலைந்து விழுந்த பன்றிக் கருக்களிலிருந்து ஜேக்கப் டிராம் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். மாடுகளில் கன்று வீச்சு நோயை உண்டாக்கும் கிருமியை டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பேங் 1897-இலேயே கண்டறிந்திருந்ததால், பன்றியில் கண்டதும் அதன் ஒரு வகையாகவே கொள்ளப்பட்டது. 1887-இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் கண்ட காய்ச்சல் கிருமிக்கும் மாட்டுக் கிருமிக்கும் நெருங்கிய உறவு உண்டென 1918-இல் ஆலிஸ் எவான்ஸ் நிறுவினார்; அதை நம்ப மறுத்தவர்கள் பலர். 1920-இல் மேயரும் ஷாவும் இந்தப் பேரினத்துக்குப் புரூஸைச் சிறப்பிக்கும் வகையில் புருசெல்லா என்று பெயரிட்டனர். 1929-இல்தான் ஹடில்சன் பன்றிக் கிருமியைப் புருசெல்லா சூயிஸ் என்னும் தனி இனமாக வகுத்தார்.

இந்நோய் பண்ணைக்காரர் கண்ணுக்குத் தப்பியதில் வியப்பில்லை. மாட்டில் கன்று வீச்சு பெரும்பாலும் சினையின் பிற்பகுதியில் நேர்வதால் மறைக்க முடியாது. பன்றியிலோ ஆண்பன்றியான கிடாவின் விந்து வழியாகவே கிருமி பெரிதும் பரவுகிறது; இனச்சேர்க்கைக்குப் பின் மூன்று வாரத்துக்குள்ளேகூடக் கரு கலைந்துவிடும். அந்த அளவுச் சிறு கரு யார் கண்ணிலும் படாது. சில வாரங்களில் தாய்ப்பன்றி மீண்டும் பருவத்துக்கு வரும்போது, சினை பிடிக்கவில்லை என்றே கணக்கெழுதுவார்கள். கிடாவுக்கு விரை வீங்கலாம். வெளித்தோற்றத்தில் எதுவுமே தெரியாமலும் போகலாம். ஒரே கிடாவைப் பல பண்ணைகளுக்குக் கொண்டுபோகும் வழக்கம் மிச்ச வேலையை முடித்தது.

மனிதரிடம் இக்கிருமி பெரும்பாலும் இறைச்சிக்கூடத் தொழிலாளரைத் தாக்கியது. கொல்வது அரிது, பல வாரம் படுக்கையில் கிடத்தும் என்பதே இதற்கு வேறொரு பயனையும் தேடித் தந்தது: 1954-இல் அமெரிக்கா ஆயுதமாக்கிய முதல் உயிரியல் கிருமி இதுதான். 1969-இல் அந்நாட்டின் உயிரியல் ஆயுதத் திட்டம் கைவிடப்பட்டது.

கருக்கலைக்கும் கிருமி இது ஒன்று மட்டுமல்ல. 1937-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு பால்பண்ணையாளரிடம் கண்டறிந்த லெப்டோஸ்பைரா பொமோனா, பன்றிகளில் சினையின் கடைசிப் பகுதியில் கருவைக் கலைப்பது. சுவிட்சர்லாந்தில் பன்றி மேய்ப்போரிடம் நெடுங்காலமாகக் கண்ட காய்ச்சலுக்கும் அதுவே காரணமென்று பின்னர் தெரிந்தது.

புருசெல்லாவுக்கு எதிராகப் பன்றிக்கு நம்பகமான தடுப்பூசி பரவலாக இல்லாததால், இரத்தப் பரிசோதனையும் நோயுற்ற மந்தையை மொத்தமாகக் கழிப்பதுமே வழியாயின. அமெரிக்க வணிகப் பண்ணைகளிலிருந்து நோய் ஏறத்தாழ நீங்கியது. ஆனால் அங்கே காட்டில் திரியும் பன்றிகளிடமும், ஐரோப்பாவில் காட்டுப்பன்றி, முயல்களிடமும் அது இன்னும் தங்கியிருக்கிறது. திறந்தவெளியில் வளர்க்கும் பண்ணைகளுக்கு நோய் அங்கிருந்தே மீண்டும் வருகிறது.