மனமாற்றமா, கணக்கா?

நேற்று வரை எதிர்த்து வந்த ஒன்றை அரசியல்வாதி ஒருவர் இன்று தலைமேல் தாங்கிப் பேசத் தொடங்கினால், மக்கள் மனத்தில் எழும் முதல் வினா ஒன்றே: இவர் மெய்யாகவே மாறினாரா, அல்லது காற்றுள்ளபோதே தூற்றிக் கொள்கின்றாரா? சிறுபான்மையினருக்கு இது வெறும் ஆராய்ச்சி வினாவன்று. தம் உரிமையை யாரை நம்பி ஒப்படைப்பது என்னும் வாழ்க்கை வினா. உள்ளத்தில் உறைவதை அறிபவன் இறைவன் ஒருவனே. ஆயினும் ஒருவர் செய்ததையும், அதற்காக அவர் கொடுத்த விலையையும் வரலாறு அளந்து பார்க்க இயலும். அவ்வாறு அளந்து பார்ப்பதற்கு ஏற்றதொரு வாழ்க்கை, அமெரிக்காவின் 36ஆம் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனுடையது.

இருபதாண்டு எதிர்ப்பு

1908இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்த ஜான்சன், 1937இல் அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். அன்று முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள், கறுப்பின மக்களுக்கு உரிமை வழங்க வந்த மசோதாக்களை எல்லாம் அவர் எதிர்த்தே வாக்களித்தார். கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்க வந்த மசோதாவும், ஏழைகளை வாக்குச் சாவடிக்கு வரவொட்டாமல் தடுத்த வாக்குவரியை ஒழிக்க வந்த மசோதாவும் அவற்றுள் அடங்கும். 1948இல் செனட் தேர்தலில் நின்றபோது, குடியரசுத் தலைவர் ட்ரூமனின் சம உரிமைத் திட்டத்தை ஏமாற்று வேலை என்று மேடையிலேயே இகழ்ந்தார். முறைகேட்டுப் புகார் நிறைந்த அத்தேர்தலில் 87 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1949 மார்ச்சில் செனட்டில் அவர் ஆற்றிய முதற்பேருரையும், முடிவின்றிப் பேசியே மசோதாக்களைச் சாகடிக்கும் தென்மாநில உறுப்பினர்களின் ஆயுதத்தைக் காப்பதற்கான உரையே ஆகும்.

இத்தனைக்கும், ஒடுக்கப்பட்டோரின் துயரை அவர் அறியாதவர் அல்லர். 1928-29இல், தம் இருபதாம் வயதில், டெக்ஸாஸின் கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்ஸிக்க வம்சாவளிக் குழந்தைகளுக்கு அவர் ஆசிரியராக இருந்தார். பசித்த வயிற்றோடு பள்ளிக்கு வந்த அப்பிள்ளைகளுக்குத் தம் சம்பளத்திலிருந்து விளையாட்டுப் பொருள்கள் வாங்கிக் கொடுத்தார். ஆகவே, இரக்கம் அவரிடம் இருந்தது. அதனைவிடப் பெரிதாகப் பதவி வேட்கையும் இருந்தது. இரண்டும் மோதிய இடமெல்லாம் வேட்கையே வென்றது.

திருப்பம்

1956இல், பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துத் தென்மாநில உறுப்பினர்கள் அறிக்கை வெளியிட்டபோது, செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராயிருந்த ஜான்சன் அதில் ஒப்பமிடவில்லை. மறு ஆண்டு, சிவில் உரிமைச் சட்டமொன்றைச் செனட்டில் நிறைவேற்றினார்; ஆனால் அதன் பற்களை எல்லாம் பிடுங்கிய பின்னரே. தென்மாநிலத்தாராகிய தமக்கு, வடமாநிலங்களின் ஆதரவின்றித் தலைவர் பதவி கிட்டாது என்பதை அவர் உணர்ந்திருந்த காலம் அது. இதனைக் கணக்கு என்போரை மறுப்பது எளிதன்று.

1963 நவம்பர் 22இல் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தாம் நாள் காங்கிரஸின் முன் நின்ற ஜான்சன், தேங்கிக் கிடந்த சிவில் உரிமை மசோதாவை நிறைவேற்றுவதே மறைந்தவருக்குச் செய்யும் சிறந்த மரியாதை என்றார். செனட்டில் அதனை எதிர்த்து அணி திரட்டியவர், அவரை வளர்த்து ஆளாக்கிய ரிச்சர்ட் ரஸ்ஸலே. ஜான்சன் விட்டுக் கொடுக்கவில்லை. 1964 ஜூன் 10இல் 71க்கு 29 என்னும் கணக்கில் விவாதம் முடித்து வைக்கப்பட்டது. ஜூலை 2இல் சட்டம் பிறந்தது. அவர் ஒப்பமிட்ட பேனாக்களுள் ஒன்று, அவர் வீட்டுச் சமையற்காரரான ஸெஃபிர் ரைட் என்னும் கறுப்பினப் பெண்மணிக்குச் சென்றது. தெற்கே பயணம் செய்கையில் அவருக்கு வழியில் உணவகமோ கழிப்பறையோ மறுக்கப்பட்ட கதையை ஜான்சன் பலரிடமும் எடுத்துச் சொல்லி வந்தவர்.

மறு ஆண்டு மார்ச்சில் செல்மா நகரப் பாலத்தில் அமைதி ஊர்வலத்தினர் மீது தடியடி நடந்தது. எட்டே நாளில் காங்கிரஸில் பேசிய ஜான்சன், கொட்டுல்லாப் பிள்ளைகளை நினைவு கூர்ந்து வாக்குரிமைச் சட்டம் கேட்டார். ஆகஸ்டில் அது நிறைவேறியது. மிஸிஸிப்பியில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற கறுப்பின மக்கள் நூற்றுக்கு ஏழு பேர் கூட இல்லை என்னும் நிலை மாறி, 1967க்குள் ஏறத்தாழ அறுபது பேர் என்றாயிற்று. அதே 1965இன் அக்டோபரில் அவர் ஒப்பமிட்ட குடியேற்றச் சட்டமே, பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தள்ளிய பழைய ஒதுக்கீட்டை ஒழித்து, நம் நாட்டு மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் அமெரிக்காவின் கதவைத் திறந்தது.

எதிர்ச்சாட்சிகள்

ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. தனிப்பேச்சில் கறுப்பின மக்களை இழிசொல்லால் சுட்டும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. 1964 ஆகஸ்டில், மிஸிஸிப்பியின் உண்மைப் பிரதிநிதிகள் தாங்களே என்று கட்சி மாநாட்டில் இடம் கேட்டு வந்தோரின் சார்பில் ஃபேனி லூ ஹேமர் தாம் பட்ட அடியுதைகளைச் சொல்லிக் கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியின் கண்ணை அங்கிருந்து திருப்பவே அவசரமாகச் செய்தியாளரைக் கூட்டினார் ஜான்சன். அவர்களுக்கு இரண்டே இடங்கள் தர முன்வந்தனர்; அவர்கள் ஏற்க மறுத்தனர். வியட்நாம் போரோ அவருடைய நல்ல திட்டங்களின் செல்வத்தையும் பெயரையும் ஒருங்கே விழுங்கியது.

அளவுகோல்

அங்ஙனமாயின் தீர்ப்பு யாது? ஆதாயம் கலந்திருந்தது என்பதனாலேயே ஒரு மாற்றம் பொய்யாகிவிடாது. ஆதாயம் தீர்ந்த பின்னரும் அது நிலைத்ததா என்பதே உரைகல்.

சிவில் உரிமைச் சட்டத்தில் ஒப்பமிட்ட அன்றிரவே, தெற்கைத் தம் கட்சி நெடுங்காலத்துக்கு இழந்துவிட்டதாக அவர் சொன்னாரென்று அவருடைய உதவியாளர் பில் மோயர்ஸ் எழுதியுள்ளார். அவ்வாண்டுத் தேர்தலில் நாடெங்கும் வென்றவர், தெற்கின் ஐந்து மாநிலங்களை இழந்தார். 1966இல் அவர் கட்சி பிரதிநிதிகள் சபையில் 47 இடங்களைப் பறிகொடுத்தது. அதன் பிறகும், வெள்ளையரிடம் மிகுந்த கசப்பை விளைவித்த வீட்டுவசதிச் சமத்துவ மசோதாவை அவர் கைவிடவில்லை. 1966இல் தோற்றதை மறு ஆண்டும் கேட்டார். மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று 1968 மார்ச் 31இல் அறிவித்தார். ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். 11ஆம் நாள் அம்மசோதாவைச் சட்டமாக்கினார் ஜான்சன். இனிப் பெற வேண்டிய வாக்கு ஒன்றும் அவருக்கு இல்லை. கணக்கு முடிந்த பின்னரும் கை ஓயவில்லை என்றால், அந்தக் கையை இயக்கியது கணக்கு மட்டுமன்று என்பதே நம் முடிபு.

1972 டிசம்பரில், இதயநோயால் நலிந்த நிலையிலும் ஆஸ்டினில் நடந்த சிவில் உரிமைக் கருத்தரங்கிற்கு வந்து, தாம் செய்தது போதாது என்று பேசினார். அடுத்த மாதமே மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியது ஜான்சனிடம் மட்டுமன்று, கிங் முதலிய தலைவர்களிடமும் உண்டு. அவர்கள் அவருடைய பழைய வாக்குகளைச் சொல்லிக் கதவடைக்கவும் இல்லை. புதிய சொற்களைக் கேட்டு மயங்கி வீதியைக் காலி செய்யவும் இல்லை. மாறியவர் நீட்டிய கையைப் பற்றிக் கொண்டே, அவரை மேலும் நெருக்கினர். சொல்லைச் சட்டமாகக் கேட்டனர். அச்சட்டத்திற்கும் காவல் வேண்டும். 2013இல் உச்சநீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முதன்மையான காப்பு ஒன்றைச் செயலிழக்கச் செய்தது.

தலைவரின் உள்ளம் மாறியதா என்று அறிவதற்குக் காத்திருப்போர் காத்திருந்தே காலம் கழிப்பர். அவருடைய மாற்றத்தை மீள முடியாத சட்டமாக்கிக் கொள்வோரே உரிமை பெறுவர்.